லயின்

தடைதாண்டல் பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள்.
மஸ்கெலியாத் தபாற்கந்தோரில்
மத்தியான பஸ் கொண்டுவரும் சாக்கை அவிழ்க்குமுன்
ஐந்து இங்கிலீஷ் சொல்,
எனக்கு நானே போட்ட கணக்கு.
நேற்று எல் எழுத்து.
லெட்டர், லெட்ஜர், லீவு, எல்லாரும் பழகியவர்கள்.
லயினும் தெரிந்தவன்தானே என்று தாண்டப் போனேன்.
அகராதி விடவில்லை.
ஒன்றரைப் பக்கம்.

கோடு. வரி. வரிசை. கயிறு.
தூண்டில் நரம்பு. தண்டவாளம்.
போனில் லயின் இல்லை என்கிறோமே, அது.
நடிகன் மறந்துபோகும் வசனம்.
நெற்றிச் சுருக்கம்.
ஒரே கூரையின் கீழ்ப் பன்னிரண்டு காம்பரா என்பதை மட்டும்
கடைசிவரை தேடியும் காணவில்லை.

அடியில், பொடி எழுத்தில், பிறந்த கதை:
லத்தீன்காரர் ஊரில் ஆளி என்றொரு செடி. நீலப் பூ.
தண்டை ஊறவைத்து அடித்தால் நார்,
நாரைத் திரித்தால் நூல்,
நூலை இழுத்துப் பிடித்தால் நேர்.
அந்த நூலின் பெயர்தான் இது.

ஒரு மேசனை நினைத்துக்கொண்டேன்.
இரண்டு முளை, நடுவே நூல்,
தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கும் துரை.
சரிவு எப்படி வளைந்தாலும்
நூல் வளையவில்லை.
நூல் போன வழியில் சுவர் வந்தது,
சுவருக்குப் பின்னால் நாங்கள்.

நம்மிடமும் நூல் இருந்தது; அது புத்தகமானது.
கோடு இருந்தது: பழந்தமிழில் மலையுச்சி,
பள்ளியில் அடிமட்டம் வைத்து இழுப்பது,
வழக்கென்றால் படியேறும் இடம்.
தேயிலை வரிசைக்கு நெரை என்று சொந்தப் பேரே உண்டு.
வீட்டு வரிசைக்கு யாரும் எங்களிடம் பேர் கேட்கவில்லை.
லயின் என்றோம், லயன் என்றோம், லயம் என்றோம்.
லயம் என்று எழுதியதை
குதிரை கட்டும் இலாயம் என்று ஒருவர் வாசித்தார்,
தாளத்தோடு சேர்வது என்று இன்னொருவர்.
தகரத்தில் மழை விழும் இரவில்
இரண்டும் சரிதான்.

மூன்றரைக்குக் கோமளவல்லி வந்தாள்,
விரல் நுனியில் கொழுந்துக் கறை.
பேங்கில் கொடுத்த படிவம். முழுக்க இங்கிலீஷ்.
பெயர் எழுதினேன். அடையாள அட்டை எழுதினேன்.
அடுத்ததை வாய்விட்டு வாசித்தேன்:
அட்ரஸ், லயின் வன்.

"இல்லீங்க," என்றாள் உடனே,
"ஒண்ணாம் லயின்ல டிரைவர் வீட்டாளுங்க. நாங்க ஆறு."
அட்ரஸ், லயின் டூ.
"அது மண்சரிவுல போயி ரெண்டு வருசமாச்சே."
லயின் த்ரீ...
"ஆறுன்னு சொல்றேன்ல!"

சிரிப்பு தொண்டைவரை வந்து திரும்பிவிட்டது.
படிவத்தில் இருந்ததே மூன்று கோடு.

முகவரி என்ற சொல்லை அங்கேயே பிட்டுப் பார்த்தேன்.
முகம். வரி.
என் சாக்கில் வரும் உறைகளில் வரி இருக்கும்.
ஆறாம் லயன் என்று இருக்கும்.
அங்கே மூன்று கோமளவல்லி.
கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும்,
பெரட்டுக் களத்தில் பேரைக் கூவுவார்கள்,
முன்னால் நீளும் கைக்கு அது போய்ச்சேரும்.

"எத்தனாவது காம்பரா?"
"தொங்கல்ல இருந்து நாலாவது."
"எந்தத் தொங்கல்?"
"பலாமரத்துத் தொங்கல். இஸ்தோப்புல நீலக் கதவு."

எழுதினேன்.
ஆளிப் பூவின் நிறம் என்று அவளிடம் சொல்லவில்லை.
பலாமரத்துக்கு இங்கிலீஷ் தெரியும்,
தொங்கலுக்குத் தெரியாது; தொங்கல் என்றே போட்டேன்.
மூன்று கோட்டில் அடங்காமல்
எழுத்து ஓரத்தில் திரும்பி,
மலைரோடு மாதிரி வளைந்து ஏறி,
பேங்கின் சிங்க முத்திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

இது என்ன விலாசம் என்று கேட்டு
அவர்கள் கடிதம் போடுவார்கள்.
போடட்டும்.
அந்த உறையும் என் சாக்கில்தான் வரும்.
எந்தக் கதவுக்கென்று
எனக்குத் தெரியும்.